'தி அவுட்சைடர்' நாவலின் இரண்டாம் பாதி வாசகரை ஏமாற்றுகிறதா?

கரிசல்காட்டான்:

முதலில் ஓர் எச்சரிக்கை. ஸ்டீபன் கிங்கின் 'தி அவுட்சைடர்' நாவலை முடிவு வரை உடைத்துப் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். படித்துவிட்டு வாருங்கள்.

2018 மே மாதம் வெளியான நாவல் இது. களம், ஓக்லஹோமா மாநிலத்தில் ஃபிளின்ட் சிட்டி என்ற கற்பனை ஊர். ஃபிராங்க் பீட்டர்சன் என்ற 11 வயதுச் சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டுப் பூங்காவில் கிடக்கிறான். சாட்சிகள் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள்: டெர்ரி மெய்ட்லண்ட். பள்ளி ஆங்கில ஆசிரியர், ஊர்ப் பையன்களுக்குப் பேஸ்பால் பயிற்சியாளர். சிறுவன் அவரோடு ஒரு வேனில் ஏறியதை ஒரு முதிய பெண்மணி பார்த்திருக்கிறார். ரத்தக்கறையோடு அவர் நின்றதை ஒரு சிறுமி பார்த்திருக்கிறாள். அன்றிரவு அவரை ஏற்றிச்சென்றதாக டாக்ஸி ஓட்டுநர் சொல்கிறார். கைரேகை பொருந்துகிறது. டிஎன்ஏ பொருந்துகிறது.

துப்பறிவாளர் ரால்ஃப் ஆண்டர்சன் இதற்கு மேல் ஒரு நிமிடமும் காத்திருக்கவில்லை. ஊரே திரண்டிருக்கும் ஆட்டத்தின் நடுவில், மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டெர்ரிக்கு விலங்கு மாட்டச் செய்கிறார். பிறகுதான் தெரிகிறது, கொலை நடந்த நேரத்தில் டெர்ரி கேப் சிட்டியில் ஓர் ஆசிரியர் மாநாட்டில் இருந்தார் என்பது. சக ஆசிரியர்கள் கூடவே இருந்திருக்கிறார்கள். பேச வந்த எழுத்தாளரிடம் அவர் எழுந்து கேள்வி கேட்பது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. மாநாடு நடந்த ஓட்டலின் கடையிலிருந்த ஒரு கனத்த படப்புத்தகத்தில் அவருடைய கைரேகையும் இருக்கிறது.

ஒரே மனிதர், ஒரே நேரத்தில், இரண்டு ஊர்களில். இரண்டு பக்கமும் மறுக்க முடியாத தடயங்கள்.

இதுவரை எல்லோரும் புகழ்கிறார்கள். சண்டையெல்லாம் இதற்குப் பிறகுதான். கொன்றது மனிதனே அல்ல, பிறர் உருவத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கொன்று, அந்தக் குடும்பத்தின் துயரத்தையும் உண்டு வாழும் ஒரு ஜீவன் என்று கதை திரும்புகிறது. 'பாதி நாவல் அற்புதம், மீதி பேய்க்கதை' என்று பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கிங் முதல் பக்கத்திலிருந்தே கணக்கை நேராகத்தான் வைத்திருக்கிறார். கொலை செய்தவன் தன்னை மறைத்துக்கொள்ள எந்த முயற்சியும் செய்யவில்லை என்பதைச் சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஒவ்வொன்றும் சொல்கின்றன. எந்தக் கொலைகாரன் அப்படி நடந்துகொள்வான்? அந்தக் கேள்வியை நாமும் ரால்ஃபைப் போலவே தாண்டிப் போய்விடுகிறோம்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஒரு வரியில் சொல்லாமல் காரணத்தோடு சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:

நான் ஏமாந்த வாசகி. காரணத்தோடுதான் சொல்கிறேன்.

முதல் பாதியை ஒரே இரவில் படித்தேன். சாட்சி வாக்குமூலங்களைக் கேள்வி பதிலாக அப்படியே கொடுத்திருக்கும் விதம் ஒரு வழக்குக் கட்டை நம் கையில் திணிப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு நேரக்குறிப்பையும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். இரட்டையரா? வீடியோவில் வில்லங்கமா? காவல்துறைக்குள்ளேயே யாராவது தடயத்தை மாற்றினார்களா? இப்படியெல்லாம் நான் பட்ட பாட்டுக்குக் கிடைத்த விடை, 'அது ஓர் உருமாறும் ஜீவன்.' கைரேகை, டிஎன்ஏ, முகம், குரல் எல்லாவற்றையும் நகலெடுக்க முடியும் என்று வைத்துவிட்டால் அப்புறம் எந்த முடிச்சுதான் அவிழாது? எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் ஒரே சாவி அது. அதை வைத்துத் திறப்பதில் எழுத்தாளருக்கு என்ன திறமை வேண்டியிருக்கிறது?

அதைவிடக் கோபம் ஹாலி கிப்னி வந்த விதத்தில். வேறொரு நாவல் வரிசையில் இருந்த துப்பறியும் பெண் பாதிக்கு மேல் நுழைகிறார். பழைய மெக்சிகத் திரைப்படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, 'இதுதான் நாம் தேடுவது' என்கிறார். அறையில் இருக்கும் காவலர்களும் வழக்கறிஞர்களும் கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அந்த அறையில் உட்கார முடியவில்லை.

தாமிரபரணி:

அந்த முலாம்பழம்! ரால்ஃபின் சிறுவயது நினைவு. வெளியே ஒரு கீறல் இல்லை, அழுகல் இல்லை. வெட்டினால் உள்ளே முழுக்கப் புழு நெளிகிறது. எப்படி உள்ளே போனது? யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டு வீட்டில் வெட்டிவைத்த பழத்தைத் தொடவில்லை. எனக்கு அந்த ஜீவனைவிட அந்தப் பழம்தான் பயம்.

பழைய_அலமாரி:

நிலாமுற்றம் அவர்களின் கோபத்துக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகளை எழுதினார். அவரே துப்பறியும் நாவல்கள் எழுதியவர். இரண்டாவது கட்டளையே, இயற்கைக்கு மீறிய எதற்கும் இங்கே இடமில்லை என்பதுதான். வாசகர் தன் அறிவைக் கொண்டு ஆடும் ஆட்டத்தில் பேயைக் கொண்டுவந்து நிறுத்துவது நியாயமல்ல என்பது அந்தக் காலத்து உடன்பாடு.

அதற்கு முன்பே 1901-02-இல் ஸ்ட்ராண்ட் இதழில் தொடராக வந்த பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில் கானன் டாயில் இதே பயத்தைத்தான் பயன்படுத்தினார். சதுப்புநிலம், குடும்பச் சாபம், வாயில் நெருப்பு வழியும் நாய். ஆனால் கடைசியில் பாஸ்பரஸ் பூசிய நிஜ நாய், சொத்துக்கு ஆசைப்பட்ட நிஜ மனிதன். ஷெர்லக் ஹோம்ஸ் உலகத்தை ஒழுங்குபடுத்தி நம்மிடம் திருப்பிக் கொடுக்கிறார்.

அதற்கு நேர்மாறாகச் செய்தவரும் துப்பறியும் கதைகளின் அந்தப் பொற்காலத்திலேயே உண்டு. ஜான் டிக்சன் கார் 1937-இல் எழுதிய 'தி பர்னிங் கோர்ட்' நாவலைத் தேடிப் படியுங்கள். கடைசிச் சில பக்கங்களில் அவர் செய்வதை இங்கே சொல்ல மாட்டேன்.

என் கருத்து இது. கிங்கின் கதையில் அமானுஷ்யம் இருப்பது குறையல்ல. அதை அவர் அறிவிக்கும் இடமும் குறையல்ல. அறிவித்த பிறகு புதிர் முடிந்துபோய்விடுகிறதே, அதுதான் குறை. கடைசி முந்நூறு பக்கங்களில் 'யார்' என்ற கேள்வி இல்லை, 'எங்கே' என்ற கேள்வி மட்டும்தான்.

கரிசல்காட்டான்:

'யார்' என்ற கேள்வி போனது உண்மைதான். ஆனால் துப்பறிதல் போகவில்லையே, ஐயா. சிறுவன் ஏறிய அந்த வேனின் பாதையைப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் வீட்டைவிட்டு ஓடிய பையன் ஒருவன் திருடிய வேன் அது. ஒஹையோவில் டேட்டன் வரை வந்து கைவிடப்படுகிறது. டெர்ரியின் குடும்பம், மறதிநோயில் இருக்கும் அவருடைய தந்தையைப் பார்க்க அதே டேட்டனுக்குப் போயிருந்தது. அங்கே மருத்துவமனை ஊழியன் ஒருவனால் டெர்ரியின் கையில் ஒரு கீறல் விழுகிறது. அந்த ஊழியனும் பிறகு இரண்டு சிறுமிகளைக் கொன்றதாகக் கைதாகிறான், சிறையில் தூக்கு மாட்டிக்கொள்கிறான், அவனும் கொலை நடந்த நேரத்தில் தாயைப் பார்க்க வேறு ஊருக்குப் போயிருந்தவன். இதையெல்லாம் ஹாலி கண்டுபிடிப்பது படம் பார்த்து அல்ல. பயணம் போய், வரவேற்பறை ஊழியர்களிடம் பேசி, கல்லறைவரை நடந்து கண்டுபிடிக்கிறார். படம் பிறகுதான் வருகிறது, மற்றவர்களுக்குப் புரியவைக்க.

நல்ல காவல் விசாரணை செய்ய வேண்டிய வேலை அதுதான். ரால்ஃப் கைதுக்கு முன்பே டெர்ரி அந்த வாரம் எங்கே இருந்தார் என்று ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருந்தால் கதையே வேறு.

வாதி_பிரதிவாதி:

இந்த இடத்தில் என் தொழில் சார்ந்து பேச வேண்டியிருக்கிறது. நான் குற்றவியல் நீதிமன்றத்தில் வாதாடுகிறவன்.

டெர்ரியின் கைதை வாசிக்கும்போது எனக்கு அடால்ஃப் பெக் வழக்கு நினைவுக்கு வந்தது. 1895 டிசம்பரில் லண்டன் தெரு ஒன்றில் ஒரு பெண் பெக்கை மறித்து, 'என்னை ஏமாற்றி நகைகளைப் பறித்தவன் நீதான்' என்றார். பிறகு பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து அவரையே அடையாளம் காட்டினார்கள். 1877-இல் ஜான் ஸ்மித் என்ற பெயரில் தண்டனை பெற்ற மோசடிக்காரனைத் தானே கைது செய்ததாகவும், அவன்தான் இவர் என்றும் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். பெக் 1877-இல் தென்னமெரிக்காவில் இருந்தவர். அதை நிரூபிக்கவே நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. ஏழாண்டுத் தண்டனை. சிறையில் இருந்தபோதே, ஸ்மித்தின் உடல் அடையாளக் குறிப்பு பெக்குக்குப் பொருந்தவில்லை என்பது தெரியவந்தது. அப்படியும் விடவில்லை. 1901-இல் வெளியே வந்தவரை 1904-இல் அதே போன்ற குற்றத்துக்கு மறுபடியும் பிடித்தார்கள், மறுபடியும் பெண்கள் அடையாளம் காட்டினார்கள், மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன் நிஜ மோசடிக்காரன் பிடிபட்டான். இந்த அநியாயம்தான் இங்கிலாந்தில் 1907-இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறக்க ஒரு முக்கியக் காரணம்.

அங்கே உருமாறும் ஜீவன் எதுவும் இல்லை. முகச்சாயல் ஒத்துப்போன ஒருவன் இருந்தான், அவசரப்பட்ட காவல்துறை இருந்தது, அவ்வளவுதான். நாவல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 2017-இல், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 17 ஆண்டுகள் சிறையில் இருந்த ஒருவர் விடுதலையானார். அவரை உரித்துவைத்ததுபோல் இன்னொருவர் அதே வட்டாரத்தில் இருந்ததைக் கண்டுபிடித்ததால்தான் அந்த விடுதலை கிடைத்தது.

ஆகவே என் வருத்தம் நிலாமுற்றம் அவர்களின் வருத்தத்திலிருந்து வேறுபட்டது. கிங்கிடம் ஒரு மகத்தான நீதிமன்ற நாவல் கையில் இருந்தது. பொருந்திய டிஎன்ஏவும் மறுக்க முடியாத வீடியோவும் மோதும் வழக்கு, ஹோவி கோல்ட் போன்ற கூர்மையான எதிர்த்தரப்பு வழக்கறிஞர். நடுவர்குழு முன்னால் அது எப்படி நடந்திருக்கும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். நீதிமன்றப் படிக்கட்டிலேயே டெர்ரி சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்த நாவலும் செத்துவிட்டது.

நுண்ணோக்கி:

வாதி ஐயா சொன்ன டிஎன்ஏ பற்றி. நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், தடயவியல் இல்லை, மருத்துவப் பரிசோதனை. ஆனால் எங்கள் பயிற்சியிலேயே சொல்லித்தரும் ஒரு நிஜ வழக்கு இந்த நாவலுக்கு அப்படியே ஒட்டும்.

ஜெர்மனியில் ஹைல்பிரான் நகரில் 2007 ஏப்ரலில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டிஎன்ஏ, ஏற்கெனவே ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று மூன்று நாடுகளில் நடந்த குற்றங்களில் கிடைத்த ஒரு பெண்ணுடைய டிஎன்ஏவோடு பொருந்தியது. கொலை, கொள்ளை, வீடு உடைப்பு என்று ஏறத்தாழ 40 இடங்கள். எந்த இரண்டு குற்றமும் ஒன்றைப்போல் இல்லை. யாரும் அவளைப் பார்த்ததில்லை. மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள். பத்திரிகைகள் அவளுக்கு 'ஹைல்பிரான் மாயாவி' என்று பெயரே வைத்துவிட்டன.

2009-இல் பிரான்சில் எரிந்த நிலையில் கிடந்த ஓர் ஆணின் உடலை அடையாளம் காண, அவர் அடைக்கலம் கோரியபோது விண்ணப்பத்தில் வைத்த விரல்ரேகையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். வந்தது அந்தப் பெண்ணின் டிஎன்ஏ. ஆணின் ரேகையில் பெண் எப்படி? அப்போதுதான் விளங்கியது. மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளிலேயே, அவற்றைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த பெண் ஒருவரின் டிஎன்ஏ ஒட்டியிருந்திருக்கிறது. அப்படி ஒரு கொலைகாரி இருந்ததே இல்லை. காவலரைக் கொன்றது ஒரு நவநாஜிக் கும்பல் என்று 2011-இல் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் சுதந்திரமாகத் திரிந்தார்கள்.

ரால்ஃபின் தவறும் இதேதான் என்று நினைக்கிறேன். அறிவியல் சொல்லிவிட்டது என்று கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். நாவலில் அறிவியல் பொய் சொல்லவில்லை, அந்த ஜீவன் அவ்வளவு துல்லியமாக நகலெடுக்கிறது. அந்த வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது. கிங் இன்னும் கொஞ்சம் தடுமாறும் ஆய்வகத்தைக் காட்டியிருக்கலாம்.

இரண்டாம்_ஆட்டம்:

நான் புத்தகம் படிக்கவில்லை, எச்பிஓ தொலைக்காட்சி 2020 ஜனவரியில் ஒளிபரப்பத் தொடங்கிய தொடரைப் பார்த்தேன். பத்துப் பகுதிகள். டெர்ரியாக ஜேசன் பேட்மன், முதல் இரண்டு பகுதிகளை இயக்கியவரும் அவரே. ரால்ஃபாக பென் மெண்டல்சன், ஹாலியாக சிந்தியா எரிவோ. ஹாலி மூன்றாம் பகுதியிலேயே வந்துவிடுகிறார். அதனால் நிலாமுற்றம் சொல்லும் குறை எனக்குப் படவே இல்லை. சிந்தியா எரிவோவின் அமைதியும், பேசுமுன் எடுத்துக்கொள்ளும் அந்த இடைவெளியும் என்னை நம்பவைத்துவிட்டன.

தொடரில் ரால்ஃபின் மகன் இறந்துபோனவன். புத்தகத்திலும் அப்படித்தானா?

கரிசல்காட்டான்:

இல்லை. புத்தகத்தில் டெரெக் உயிரோடு இருக்கிறான், கோடை முகாமுக்குப் போயிருக்கிறான். அது சின்ன மாற்றமல்ல. அந்த மகனுக்குப் பேஸ்பால் பந்தை மென்மையாகத் தட்டிவிடக் கற்றுக்கொடுத்தவரே டெர்ரிதான். கூச்ச சுபாவமுள்ள பையன், பலமாக அடிக்கத் தெரியாதவன். அவனுக்கென்று ஓர் ஆட்டமுறையைத் தேடிக்கொடுத்து, அணியில் மரியாதையை வாங்கிக்கொடுத்தவர். ரால்ஃபுக்குக் கண் மறைத்தது அந்த நன்றி தலைகீழாகிப்போனதுதான். 'இந்தக் கையா என் மகனைத் தொட்டது' என்ற ஆத்திரத்தில்தான் மைதானத்தில் வைத்துக் கைது செய்யச் சொல்கிறார். வீட்டுக்குப் போய் அமைதியாகக் கைது செய்திருக்கலாம் என்று அவருக்கே தெரியும். தொடரில் மகனை இறந்தவனாக்கியபோது ரால்ஃபுக்குத் துயரம் கிடைத்தது. இந்த ஆத்திரத்தின் குறிப்பான காரணம் மங்கிவிட்டது. நாவல் இந்த இடத்தில் பலமடங்கு மேல்.

புதுவாசகி:

வணக்கம். எச்சரிக்கையை மீறிப் படித்துவிட்டேன். எனக்குப் பத்து வயதில் மகன் இருக்கிறான். இந்தப் புத்தகத்தை எடுக்கலாமா? குழந்தை இறக்கும் கதைகளைப் படித்தால் எனக்கு நாலைந்து நாள் தூக்கம் வருவதில்லை.

நிலாமுற்றம்:

எடுக்க வேண்டாம், தங்கச்சி. கொலை நேரடியாகக் காட்டப்படாது. ஆனால் உடற்கூறு அறிக்கை, சாட்சி சொல்வது என்று துண்டுதுண்டாக வந்து சேரும், அது இன்னும் மோசம். அதற்குப் பிறகு அந்தத் தாய்க்கு நடப்பது வேறு. துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு, மிஞ்சிய சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நடுவில் அவள் உடைந்துபோகும் காட்சி இருக்கிறது. நானே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றேன்.

தாமிரபரணி:

அக்கா சொல்வது சரி. அந்தக் காட்சிதான் நாவலின் உச்சம். இழவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவரும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது என்பதைப் படித்தபோது மனம் என்னவோபோல் ஆகிவிட்டது.

யாழ்வாசகன்:

நான் நிலாமுற்றம் கட்சியும் இல்லை, கரிசல் அண்ணன் கட்சியும் இல்லை. எனக்கு அந்த ஜீவனின் ஊற்றுக்கண்தான் பிடித்தது. நாவலில் அந்த ஜீவனுக்குச் சொல்லப்படும் 'எல் கூக்கோ' (கோகோ என்றும் சொல்வார்கள்) கிங் இட்டுக்கட்டியது அல்ல. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் தூங்காத பிள்ளைகளைப் பயமுறுத்தும் உருவம். 'தூங்கு கண்ணே, இல்லாவிட்டால் கோகோ வந்து தின்றுவிடும்' என்று தாலாட்டே இருக்கிறது. ஓவியர் கோயா 1799-இல் வெளியிட்ட ஓவிய வரிசையில் 'இதோ கோகோ வருகிறது' என்று ஒரு படம் உண்டு. முக்காடிட்ட உருவம் முதுகைக் காட்டி நிற்கும், பிள்ளைகள் தாயின் மடியில் ஒண்டி அலறுவார்கள். அந்தத் தாயின் பார்வையைக் கவனியுங்கள். அவள் முகத்தில் பிள்ளைகளின் பயம் இல்லை.

நமக்குப் பூச்சாண்டி, பிள்ளைபிடிகாரன். எல்லாச் சமூகமும் இப்படி ஒருவனைத் தயாராக வைத்திருக்கிறது. பிள்ளை காணாமல்போனால் விரலை நீட்ட ஓர் ஆள் வேண்டும். நாவலின் தலைப்பே வெளியாள் என்பது. ஆனால் ஃபிளின்ட் சிட்டியில் விரல் நீளுவது ஊருக்கு மிகவும் வேண்டிய உள்ளூர்க்காரரை நோக்கி. கிங் செய்த நல்ல காரியம் அது.

கரிசல்காட்டான்:

யாழ்வாசகன் தொட்ட இடத்திலிருந்துதான் நான் சொல்ல நினைத்ததை முழுதாகச் சொல்ல முடிகிறது.

இந்த நாவல் வெளியான அதே 2018 மே மாதம் நம் ஊரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளை கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. காரிலிருந்த வயதான அம்மா ஒருவர் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். அடித்தவர்கள் பேய்கள் இல்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள், பிள்ளைகளுக்காகப் பயந்தவர்கள்.

இப்போது நீதிமன்றப் படிக்கட்டுக் காட்சியை மறுபடி படியுங்கள். பின்வாசல் வழியாகக் கூட்டிப்போயிருக்கலாம். கூட்டத்துக்கு நடுவே முன்வாசலில் நடத்திக் கூட்டிவருகிறார்கள். கூச்சல், கேமராக்கள், எறியப்படும் பொருட்கள். அந்தக் கூட்டத்துக்குள் எரிந்த முகத்தோடு ஒருவன் நிற்பதை ரால்ஃப் பார்க்கிறார், பிறகு எந்த வீடியோவிலும் அவன் இல்லை. அந்த ஜீவன் அங்கே ஒன்றும் செய்யவில்லை. துப்பாக்கி இறந்த சிறுவனின் அண்ணன் கையில். ஆலி பீட்டர்சன், இன்னும் பள்ளி முடிக்காத பையன். டெர்ரியை அவன் சுடுகிறான். அவனை ரால்ஃப் சுடுகிறார்.

எண்ணிப் பாருங்கள். அந்த ஜீவன் ஃபிளின்ட் சிட்டியில் தன் கையால் கொன்றது ஒரே ஓர் உயிரை. தாய் மாரடைப்பில் போனாள். அண்ணன் காவலரின் குண்டில் போனான். டெர்ரி அண்ணனின் குண்டில் போனார். தந்தை மரத்தில் தூக்குப்போட்டு, மூளை செத்த உடலாகக் கிடக்கிறார். இத்தனைக்கும் நடுவில் சாகும் டெர்ரியிடம் குனிந்து, கடைசி நேரத்திலாவது உண்மையைச் சொல்லி மனச்சாட்சியைச் சுத்தப்படுத்திக்கொள் என்கிறார் ரால்ஃப். நான் செய்யவில்லை, உன் மனச்சாட்சியை நீ எப்படிச் சுத்தப்படுத்தப் போகிறாய் என்று கேட்டுவிட்டுச் செத்துப்போகிறார் டெர்ரி. மீதிப் பக்கங்கள் முழுவதும் அந்தக் கேள்விக்கு ரால்ஃப் தேடும் பதில்தான். அந்த ஜீவன் சமைக்கவில்லை, பரிமாறியதை உண்டது. பரிமாறியது நாம்.

அதனால்தான் அமானுஷ்யம் வந்ததும் மனிதர்கள் தப்பித்துவிட்டார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவரும் தப்பிக்கவில்லை.

நிலாமுற்றம்:

இதை நீங்கள் சொன்ன விதத்தில் எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனால் இது நீங்கள் எழுதிய நாவல், அண்ணா. கிங் எழுதியதில் இந்தக் குற்ற உணர்ச்சிக்கு ஒரு வடிகால் திறந்துவிடப்படுகிறது. டெக்சாஸ் பயணம், பாலைவனக் குன்று, மறைந்திருந்து சுடும் துப்பாக்கி, குகை. பந்துக்குண்டுகள் நிரப்பிய காலுறையால் ஹாலி அந்த ஜீவனின் தலையைப் பிளக்கிறார். உள்ளிருந்து புழுக்கள். ரால்ஃப் ஒரு சாகசத்தில் பங்கெடுத்துத் தன் பாவத்தைக் கழுவிக்கொள்கிறார். பதினேழு பதினெட்டு வயதுப் பையனைச் சுட்டுக்கொன்ற அதிகாரி அவர். அந்தக் குகைக்குப் பதிலாக ஆலியின் கல்லறை முன்னால் அவரை நிறுத்தியிருந்தால் நான் கிங்குக்குத் தலைவணங்கியிருப்பேன்.

பழைய_அலமாரி:

குகைப் பகுதி பலவீனம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஜாக் ஹாஸ்கின்ஸை யாரும் பேசவில்லையே? அதே காவல்துறையில் இருக்கும் கசப்பேறிய குடிகாரர். அந்த ஜீவன் அவருடைய பின்கழுத்தைத் தொடுகிறது, வெயிலில் வெந்ததுபோல் ஒரு புண். தாயைக் கொன்ற புற்றுநோய் தனக்கும் வந்துவிடும் என்ற பயம் போதும், சக மனிதர்களையே சுடத் தயாராகிவிடுகிறார். வழக்கறிஞர் ஹோவி கோல்டும் அவருடைய துப்பறிவாளர் அலெக் பெல்லியும் ஹாஸ்கின்ஸின் குண்டுகளில்தான் சாகிறார்கள். கரிசல்காட்டான் போட்ட கணக்கில் இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாஸ்கின்ஸ் குளியலறைக் கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பக்கங்கள் எனக்குக் குகையைவிட நூறு மடங்கு திகிலாக இருந்தன.

இரண்டாம்_ஆட்டம்:

தொடரில் ஜாக் பாத்திரம் பிரமாதம். அதற்காகவே பார்க்கலாம்.

வாதி_பிரதிவாதி:

முடிவைப் பற்றி ஒன்று. அரசு வழக்கறிஞர் பில் சாமுவேல்ஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டி டெர்ரி நிரபராதி என்று அறிவிக்கிறார். கேப் சிட்டி வீடியோவை முன்வைத்துத்தான் அறிவிக்கிறார். உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னால் யார் நம்புவார்கள்? ஆகவே கொலையாளி யார் என்பது பதிவேட்டில் வெற்றிடமாகவே நின்றுவிடுகிறது. டெர்ரியின் மனைவி மார்சி மெய்ட்லண்டுக்கும் அவருடைய இரண்டு மகள்களுக்கும் கிடைத்தது, டெர்ரி அங்கே இல்லை என்ற அறிவிப்பு மட்டும்.

நான் பார்த்த விடுதலைகளும் பெரும்பாலும் இப்படித்தான். 'இவர் செய்யவில்லை' என்று தீர்ப்பு வந்தாலும், 'அப்படியானால் யார்' என்று ஊர் கேட்டுக்கொண்டேயிருக்கும். பதில் இல்லாதவரை விடுதலையானவர் வீட்டுப் பக்கம் பார்ப்பதை நிறுத்தாது. மார்சி கடைக்குப் போனால் என்ன நடக்கும் என்று கிங் இன்னும் ஒரு ஐம்பது பக்கம் எழுதியிருக்க வேண்டும்.

நுண்ணோக்கி:

மார்சி ரால்ஃபை மன்னித்தது உங்களுக்கு நம்பும்படியாக இருந்ததா? எனக்கு இல்லை. குறைந்தது இவ்வளவு சீக்கிரம் இல்லை.

நிலாமுற்றம்:

எனக்கும் இல்லை. இந்த ஒன்றிலாவது இழை முழுவதும் ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன்.

கரிசல்காட்டான்:

நான் ஒத்துப்போகவில்லை. அது மன்னிப்பு என்றே நான் படிக்கவில்லை. கணவரின் பெயரைத் துடைத்துத் தர ஊரில் வேறு ஆளில்லை, அவருக்கு ரால்ஃப் தேவைப்பட்டார். அந்தப் பக்கங்களில் மார்சி எங்கேயும் மன்னித்துவிட்டேன் என்ற மனநிலையில் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள், காத்திருக்கிறேன்.

தாமிரபரணி:

ஹாலியைப் பிடித்தவர்களுக்கு ஒரு தகவல். 2020-இல் வெளியான 'இஃப் இட் பிளீட்ஸ்' தொகுப்பில் அதே தலைப்புள்ள குறுநாவலில் ஹாலி இதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றைச் சந்திக்கிறார். இந்த முறை அது தொலைக்காட்சிச் செய்தியாளர் உருவத்தில் இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் முதல் ஆளாக மைக்கோடு நிற்கும். கரிசல் அண்ணன் சொன்ன 'பரிமாறியதை உண்ணும்' விஷயம் அதில் இன்னும் நேரடியாக வருகிறது. படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

புதுவாசகி:

அதில் குழந்தைகள் இறக்கிறார்களா, அக்கா?

தாமிரபரணி:

ஆரம்பமே பள்ளிக்கூடத்தில் குண்டுவெடிப்பு, கண்ணம்மா. அதையும் விட்டுவிடு. பழைய_அலமாரி ஐயா சொன்ன 1937 நாவலை எடு, அதில் இறப்பது ஒரு கிழவர்.